71 என்ற மதிப்பெண்ணை வைத்து என்ன சொல்லலாம்?

கேள்வி: நான் குமாரபாளையம் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களிடையே பணிபுரியும் சமூகப் பணியாளர். சாலை விபத்தில் கணவரை இழந்த 16 பெண்களைச் சேர்த்து 10 வாரங்கள் குழுச் சந்திப்பு நடத்தினேன். கடைசி நாளில், பெருந்துன்பத்துக்குப் பின் மனத்தில் ஏற்படும் நல்ல மாற்றங்களை அளக்கும் 21 கேள்விகள் கொண்ட ஆங்கிலப் படிவத்தை நானே தமிழாக்கி, ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி விடைகளைக் குறித்துக்கொண்டேன். சராசரி 105-க்கு 71 வந்தது. எங்களுக்கு நிதி தரும் அமைப்பு பலனை எண்ணில் காட்டச் சொல்கிறது. "பெண்களிடம் 68 விழுக்காடு மனவளர்ச்சி ஏற்பட்டது" என்று எழுதலாமா? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தறி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு பெண்ணுக்கு 12 மதிப்பெண்ணே வந்தது. இரவில் தூக்கமில்லை என்று இன்றும் சொல்லும் மற்றொருவருக்கு 98 வந்தது. இருவரில் யாரைப் பற்றி நான் கவலைப்பட வேண்டும்? கடைசியாக ஒன்று. கேள்விகளுக்கு நடுவில் ஒரு அம்மா, "ஏனுங்க, அவரு போனதுல எனக்கு என்ன லாபம்னு கேக்கறீங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். அந்த அம்மா கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நீங்கள் பயன்படுத்தியது அமெரிக்காவின் சார்லட் நகரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் 1996-இல் வெளியிட்ட அளவுகோல். அவர்களுடைய கருத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். உலகம் இப்படித்தான் இயங்கும், நாளைக்கும் இதே வீட்டில் இதே மனிதர்கள் இருப்பார்கள் என்று நாம் நினைத்துப் பார்க்காமலேயே நம்பிக்கொண்டிருக்கும் அடிப்படைகளை ஒரு பெருந்துன்பம் நிலநடுக்கத்தைப் போல ஆட்டிவிடுகிறது. இடிந்ததைத் திரும்பக் கட்டும் பாட்டில் சிலர், எல்லோரும் அல்லர், முன்பு தம்மிடம் இல்லாத சிலவற்றை அடைகிறார்கள். அதை அவர்கள் அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி என்றார்கள். அந்த வளர்ச்சியைத் தருவது துன்பம் அன்று, துன்பத்தோடு மனிதர் நடத்தும் போராட்டமே என்பதை இருவரும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். படிவத்திலோ இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. "இல்லாவிட்டால் கிடைத்திருக்காத புதிய வாய்ப்புகள் கிடைத்தன" என்ற பொருளில் ஒரு வரி அதில் வருகிறது. தனியே உட்கார்ந்து தாளில் வட்டமிடும் ஒருவர் அதைக் கடந்துபோய்விடலாம். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் அதே வரியை உரக்கப் படித்தால், சாவுக்கு வரவுசெலவுக் கணக்குக் கேட்பதாகவே அது காதில் விழும். அந்த அம்மா உங்கள் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நீங்கள் கேட்ட வாக்கியத்தின் பொருளை உள்ளபடியே திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் சொல்லவேண்டியது நீளமானதன்று. "இல்லீங்கம்மா, அவர் போனதில் நல்லது எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் பட்ட பாட்டைத்தான் கேட்கிறேன், வேண்டாமென்றால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாம்" என்றால் போதும். விட்ட கேள்விக்கு மதிப்பெண் இடாமல் காலியாகவே வையுங்கள். அதனால் அவருடைய கூட்டுத்தொகை முழுமையாகாது, ஆகாமல் இருக்கட்டும்.

இனி 71-ஐப் பார்ப்போம். படிவத்தின் 21 வரிகளுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறோம். அவை ஐந்து துறைகளில் சமமில்லாமல் பிரிந்திருக்கின்றன. பிறரோடு உள்ள உறவுக்கு 7 வரிகள், புதிய வழிகளுக்கு 5, தன் வலிமையை அறிதலுக்கு 4, வாழ்வின் அருமையை உணர்தலுக்கு 3, ஆன்மிக மாற்றத்துக்கு 2. ஆகவே உறவில் மட்டும் 35 மதிப்பெண் வரை பெற இடமுண்டு, ஆன்மிகத்தில் 10-க்கு மேல் வழியே இல்லை. அக்கா தங்கையரோடு நெருக்கம் கூடிய ஒருவரும், தனியாகத் தறிப் பட்டறை எடுத்து நடத்தத் துணிந்த ஒருவரும் ஒரே கூட்டுத்தொகையில் வந்து நிற்கலாம். இருவருக்கும் நடந்தது ஒன்றல்ல. கூட்டுத்தொகையைக் காட்டிலும் ஐந்து துறைகளின் சராசரியைத் தனித்தனியே பார்ப்பதே உங்களுக்குப் பயன்படும்.

105-இல் 71 என்பதை 68 விழுக்காடு வளர்ச்சி என்று எழுதக் கூடாது. வளர்ச்சி என்ற சொல் இரண்டு காலங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறிக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நாளின் அளவீடு. போன ஆண்டு மரம் எவ்வளவு உயரம் இருந்தது என்று தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் கையை உயர்த்திக் காட்டிய அளவை இன்றைய உயரத்திலிருந்து கழித்தது போன்றது இது. படிவத்தின் ஒவ்வொரு வரியும் விடை சொல்பவரிடம் உண்மையில் ஐந்து வேலைகளைக் கேட்கிறது. இன்று நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் எண்ண வேண்டும், அன்று எப்படி இருந்தேன் என்று நினைவுகூர வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும், வேறுபாடு எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும், அந்த வேறுபாடு அந்தத் துன்பத்தால்தான் வந்ததா என்றும் தீர்மானிக்க வேண்டும். இவற்றில் நினைவுகூர்வதுதான் மிகவும் சறுக்கும் இடம், ஏனெனில் இன்றைய நிலையைத் தாங்கிக்கொள்வதற்காகவே நாம் அன்றைய நிலையைச் சற்றுத் தாழ்த்தி நினைப்பதுண்டு.

இது வெறும் ஐயம் அன்று. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா ஃப்ரேசியரும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவர்களை முதலிலேயே அளந்துவைத்துவிட்டு, சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அளந்தார்கள். இடையில் அதிர்ச்சியான நிகழ்வொன்றைச் சந்தித்தவர்களிடம், "நான் இவ்வளவு மாறினேன்" என்று அவர்கள் சொன்ன அளவையும், முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகளுக்கு இடையே உண்மையில் இருந்த வேறுபாட்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் பொருந்தவில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்க முடிவு ஒன்றும் அதில் உண்டு. மாறியதாகத் தாமே சொன்ன அளவு கூடியவர்களுக்கு மனவேதனை கூடியிருந்தது, அளவீட்டில் உண்மையாகவே முன்னேறியவர்களுக்கு வேதனை குறைந்திருந்தது. அவர்கள் அமெரிக்க மாணவர்கள், உங்கள் குழுவினர் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுத் தறிக்கு நூல் சுற்றப் போன பெண்கள். அந்த முடிவை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க இயலாது என்பது உண்மை. ஆனால் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதும் அவரிடம் நிகழ்ந்த மாற்றமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதற்கு அங்கேயே இடமில்லாதபோது, இங்கே மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது?

அப்படியானால் அந்தப் பெண்கள் பொய் சொன்னார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் பணிபுரிந்த மெர்க்கர், ட்சோல்னர் என்ற இருவர் 2004-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இத்தகைய வளர்ச்சிக்கு இரண்டு முகங்கள் உண்டு என்றார்கள். ஒன்று, வாழ்க்கையை உண்மையாகவே திருத்தி அமைக்கும் முகம். மற்றொன்று, "இதனால் எனக்கு ஏதோ ஒரு நன்மை இருந்தே தீர வேண்டும்" என்று மனம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அன்றைய இரவைக் கடத்தும் முகம். இரண்டாவதைக் குறையாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. இழவு வீட்டிலிருந்து உறவினர் எல்லாம் கிளம்பிப் போன பிறகு பலரை நிறுத்திவைப்பது அதுதான். ஆயினும் அதை முதலாவதோடு சேர்த்துக் கூட்டிப் பலன் என்று எழுத முடியாது.

கேட்டவர் நீங்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஆதரவற்ற விதவையர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்ததும், வங்கிக்குக் கூட்டிச் சென்றதும், 10 வாரம் தேநீர் வைத்துக் காத்திருந்ததும் நீங்களே. அப்படிப்பட்டவர் எதிரே உட்கார்ந்து, "மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று அறிந்துகொண்டீர்களா?" என்று கேட்டால், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க" என்பதுதான் நம் ஊரில் மரியாதையான விடை. அது உங்களுக்குச் சொன்ன நன்றி. அளவுகோலில் அது 5 என்று பதிவாகிவிடுகிறது.

என் அனுபவத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவரிடம் இதே படிவத்தைக் கொடுத்தேன். விபத்தில் மகனை இழந்தவர் அவர். எல்லா வரிகளுக்கும் 0 போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவருடைய வழக்கு நிலுவையில் இருந்திருக்கிறது. "நல்லாயிட்டேன்னு எழுதிக் குடுத்தா நாளைக்குத் தொகையைக் கொறைச்சுப் போடுவாங்கல்லங்க?" என்றார். படிவம் யாருடைய கைக்குப் போகும் என்பதை அவரிடம் முதலில் சொல்லாதது என் பிழை. உங்கள் 16 பேரும் சாலை விபத்தில் கணவரை இழந்தவர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அப்படி வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று விசாரித்தீர்களா? தாள்களில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணை எழுதி, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். நிதி தருபவர்களுக்குத் தனிநபர் மதிப்பெண் எதையும் அனுப்பாதீர்கள்.

இனி 12 பெற்றவரையும் 98 பெற்றவரையும் பற்றி. இந்த அளவுகோலில் இத்தனைக்கு மேல் நலம், இத்தனைக்குக் கீழ் நலமின்மை என்று பிரிக்கும் மருத்துவ எல்லை எதுவும் கிடையாது. 12 என்பது தேர்வில் தோற்றதற்கான மதிப்பெண் அன்று. அது பல வழிகளில் வரலாம். அவருடைய அடிப்படைகள் அவ்வளவாக ஆடாமலே இருந்திருக்கலாம். காற்றுக்கு வளைந்து நிமிரும் இந்தத் தன்மையை மீள்திறன் என்கிறோம், அது வளர்ச்சியிலிருந்து வேறானது, அதிர்வு குறைந்தவரிடம் மாற்றமும் குறைவாகவே இருக்கும். அல்லது அவர் முன்பே அந்த இடத்தில் இருந்தவராக இருக்கலாம். படிவம் நிலையைக் கேட்கவில்லை, மாற்றத்தைக் கேட்கிறது. ஆண்டுதோறும் பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்தில் இறங்கித் தீ மிதித்து வந்த ஒரு பெண், கணவர் இறந்த பின்னும் அதேபோல் இறங்கினால், "தெய்வ நம்பிக்கை கூடியதா?" என்ற வரிக்கு அவர் சொல்லக்கூடிய நேர்மையான விடை 0-தான். நம்பிக்கை இல்லாதவருக்கும் அதே 0. உங்கள் தறிக்காரப் பெண்ணிடம் படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்ல வேண்டாம். "நான் முன்னாடியும் இப்படித்தானுங்க" என்று அவர் சொல்லக்கூடும், அப்படிச் சொன்னால் நம்புங்கள். அவர் தூக்கம், பசி, வேலை, பிள்ளைகளோடு பேச்சு ஆகியவை சீராக இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொண்டால் போதும்.

நீங்கள் இந்த வாரமே பார்க்க வேண்டியவர் 98 பெற்றவர். வளர்ச்சியும் வேதனையும் ஒரே மனத்தில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும், ஒன்று வந்தால் மற்றொன்று வெளியேறிவிடும் என்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடும்போது வளர்ச்சியும் ஓரளவு வரை கூடி, அறிகுறிகள் மிகக் கடுமையாகும்போது மீண்டும் இறங்குவதாகவே படம் வளைந்திருந்தது. எனவே உயர்ந்த மதிப்பெண் வேதனை தீர்ந்ததற்கு அடையாளம் அன்று. அவருக்குத் தூக்கமில்லாததற்குக் காரணம் என்ன? விபத்து நடந்த இடத்தைத் தவிர்ப்பதற்காகச் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை விட்டு ஊர் வழியாகச் சுற்றிப் போகிறாரா? கணவரின் வண்டியைத் தொடவும் விடாமல் மூடி வைத்திருக்கிறாரா? அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளைக் கேட்கும் 20 கேள்விப் படிவம் ஒன்று உண்டு, அதில் 0 முதல் 80 வரை மதிப்பெண் வரும், 31 முதல் 33 வரையிலான அளவை எட்டினால் விரிவான பரிசோதனை தேவை என்று கொள்வது வழக்கம். மனச்சோர்வுக்கு 9 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது, அதன் கடைசிக் கேள்வி தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அந்தக் கேள்விக்கு 0 அல்லாத விடை வந்தால் கூட்டுத்தொகையைக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணிலோ தமிழக அரசின் 104-இலோ பேசலாம். கணவரின் இறப்புக்கு ஓராண்டு கடந்தும் அவரைப் பற்றிய ஏக்கம் அன்றாட வாழ்வை முடக்குமானால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று மருத்துவ வகைப்பாடுகள் இன்று தனியாகவே அடையாளம் காண்கின்றன, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

நிதி தரும் அமைப்புக்கு எழுத வேண்டியதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இப்படி எழுதுவேன்: "சந்திப்புகளின் இறுதியில், பங்கேற்ற 16 பெண்கள் தம்மிடம் ஏற்பட்டதாகத் தாமே உணரும் நல்ல மாற்றங்களை 21 கேள்விகள் வழியாகத் தெரிவித்தனர். சராசரி 105-க்கு 71. தொடக்கத்தில் அளவீடு எடுக்கப்படாததாலும், ஒப்பிட வேறு குழு இல்லாததாலும், இம்மாற்றங்கள் சந்திப்புகளால் விளைந்தவை என்று இந்த எண்ணைக் கொண்டு கூற இயலாது." இதோடு வருகைப் பதிவையும், எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள் என்பதையும், அனுமதி பெற்று அவர்கள் சொந்தச் சொற்களில் சொன்ன இரண்டு மூன்று வரிகளையும் சேருங்கள். இப்படி எழுதினால் பணம் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள் என ஊகிக்கிறேன். அடுத்த அணியில் எப்படி அளக்கப்போகிறீர்கள் என்ற திட்டத்தையும் அதே கடிதத்தில் வையுங்கள். பொறுப்புள்ள எந்த அமைப்பும் அதையே பெரிதாக மதிக்கும்.

அந்தத் திட்டத்தில் முதல் வேலை தமிழாக்கம். நீங்கள் ஒருவரே தமிழாக்கினால் போதாது. ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் உங்கள் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு மூன்று நான்கு பெண்களிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, "இதில் என்ன கேட்கிறோம் என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். உங்கள் அந்த அம்மா அப்போதே அந்த வரியைப் பிடித்திருப்பார். "சிறிய அளவு, நடுத்தர அளவு, பெரிய அளவு" என்ற படிகள் வாய்மொழியில் நிற்பதில்லை. நான் ஆறு சொம்புகளைப் படமாக வரைந்து, வெறுஞ்சொம்பு முதல் நிறைசொம்பு வரை தண்ணீர் மட்டத்தை ஏற்றிக் காட்டுகிறேன், விரலை வைத்துக் காட்டிவிடுகிறார்கள். 21 வரிகள் களைப்பாக இருந்தால், துறைக்கு இரண்டாக 10 வரிகள் மட்டும் கொண்ட சுருக்க வடிவம் 2010-இல் வந்திருக்கிறது.

இரண்டாவது, மாற்றத்தைக் கேட்பதோடு நில்லாமல் இப்போதைய நிலையையும் கேளுங்கள். "முன்பைவிடத் துணிவு கூடியதா?" என்பதற்குப் பதில், "கடந்த இரண்டு வாரங்களில் சிக்கலான காரியத்தை நானே சமாளித்தேன்" என்று வரியை மாற்றி, முதல் சந்திப்பிலும் கடைசிச் சந்திப்பிலும் ஆறு மாதம் கழித்தும் கேட்டால், கழிக்கும் வேலையை அவர்களின் நினைவிடம் விட வேண்டியதில்லை, நீங்களே செய்துகொள்ளலாம். வேதனைப் படிவங்களையும் அதே மூன்று நாட்களில் நிரப்புங்கள். அடுத்த அணிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களையும் அதே நாட்களில் அளந்தால், காலமே ஆற்றியது எவ்வளவு, உங்கள் சந்திப்பு சேர்த்தது எவ்வளவு என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். 16 பேரை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனாலும் ஒரு திசை தெரியும். கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணி மாணவி ஒருவர் வந்து கேட்கட்டும்.

மூன்றாவதாக, இழந்ததற்கும் படிவத்தில் இடம் வையுங்கள். மூல அளவுகோலின் 21 வரிகளும் நல்ல மாற்றத்தையே கேட்கின்றன, கெட்டதைச் சொல்ல அங்கே இடமில்லை. இந்தக் குறையை நீக்க, ஒவ்வொரு வரிக்கும் எதிர்வரி சேர்த்து 42 வரிகளாக்கிய வடிவம் 2008-இல் வெளியாயிற்று. உங்கள் பகுதிக்கு இது கட்டாயம் தேவை. அக்காவோடு நெருக்கம் கூடிய அதே பெண்ணுக்கு மாமியார் வீட்டோடு பேச்சே நின்றுபோயிருக்கும், இரண்டும் உண்மை. கல்யாணச் சீர் நடக்கும்போது கணவனை இழந்தவர் பின்னால் ஒதுங்கி நிற்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அங்கே உறவு மதிப்பெண் குறைந்தால், அதை அவர் மனத்தின் குறையாக எழுதுவது நியாயமன்று.

இவற்றுக்கு அப்பால், வெளியே தெரியும் சிலவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளலாம். தனியாக வங்கிச் சீட்டு எழுதினாரா, வண்டி ஓட்டக் கற்றாரா, கூலி உயர்வை முதலாளியிடம் தானே பேசினாரா, தங்கை மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாரா என்பன போன்றவை. இவை எந்த அளவுகோலிலும் இல்லை, ஆகவே இவற்றைக் கூட்டி ஒரு மதிப்பெண்ணாக்க முயல வேண்டாம். எது முன்னேற்றம் என்ற பட்டியலை அந்தப் பெண்களையே போடச் சொல்லுங்கள். உங்களுக்கும் எனக்கும் தோன்றாத வரி ஒன்றிரண்டாவது அதில் கட்டாயம் இருக்கும்.

அடுத்த அணியைத் தொடங்குமுன், திருத்திய தமிழ் வரிகளையும் அந்தப் பட்டியலையும் எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கும் முன்பாக, 98 பெற்றவரின் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். போகும்போது படிவம் எதுவும் கையில் வேண்டாம்.